சென்னைக் கடற்கரையில் வீடா? பங்குனி ஆமைக்கு விளக்கை அணையுங்கள்

பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் ராத்திரியில் கரையேறி, ஒரு குழியில் நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகும். சுமார் 45 முதல் 55 நாளில் பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் கடல் என்று நம்பித்தான் நகரும், ஆனால் இப்போது வெளிச்சமாக இருப்பது நம் மொட்டை மாடியும் ரோடும்தான்.

அதனால் அந்த மாதங்களில் கடல் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். முடியாதென்றால் தரையை மட்டும் காட்டும்படி மூடி போட்டு, சிவப்பு பல்பு மாட்டுங்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது (அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டை வரும், பரவாயில்லை).

தாய் ஆமையைப் பார்த்தால் டார்ச், ஃபிளாஷ், செல்ஃபி எதுவும் வேண்டாம், தள்ளி நில்லுங்கள். முட்டையைத் தோண்டாதீர்கள், சட்டப்படி குற்றம். வனத்துறைக்கோ, 1988 முதல் இரவு ரோந்து போகும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவுக்கோ (SSTCN) சொல்லுங்கள். குஞ்சுகள் ரோட்டுக்கு வந்துவிட்டதா? வாளித் தண்ணீரில் போடாதீர்கள், இவர்களுக்கே சொல்லுங்கள். அப்புறம், தெருநாய் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.