பவர் ஸ்டீயரிங் திடீரென்று கனத்துவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடிக்கொண்டிருக்கும் காரில் ஸ்டீயரிங் சட்டென்று இறுகினால், லாக் ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். அநேகமாக லாக் ஆகியிருக்காது. ஸ்டீயரிங் வீலிலிருந்து ஷாஃப்ட், அதன் முனையிலுள்ள பல்சக்கரமான பினியன், அது நகர்த்தும் பல் வைத்த தண்டான ரேக் வழியாக முன்சக்கரம் வரை இரும்புத் தொடர்பு அப்படியேதான் இருக்கும். பம்போ மோட்டாரோ கொடுத்துவந்த உதவி மட்டும் நின்றிருக்கும். பலம் கூட்டித் திருப்பினால் வண்டி திரும்பும்.

இது தெரியாமல் பதற்றத்தில் சாவியை அணைப்பதுதான் மிக ஆபத்தான தவறு. சாவியை உருவினால் ஸ்டீயரிங் நிஜமாகவே பூட்டிக்கொள்ளும். என்ஜின் நின்றதும், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வாக்குவம் வராது. மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், பிறகு பிரேக்கும் கட்டையாகிவிடும். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். வேகம் குறையக் குறைய ஸ்டீயரிங் இன்னும் கனக்கும். அதனால் வண்டி உருளும்போதே திருப்பி ஓரங்கட்டிவிட வேண்டும். நின்ற இடத்தில் திருப்பப் பார்த்தால் பெரும்பாடு. என்ஜின் தானாக நின்றதால் கனத்திருந்தால் நியூட்ரலுக்கு மாற்றி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி டிரைவில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாது.

திரும்பத்தான் செய்கிறதே என்று அப்படியே ஓட்டிப் போவது அடுத்த தவறு. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் பம்பைச் சுற்றுவது என்ஜின் பெல்ட். பல கார்களில் அதே பெல்ட்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும், என்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஸ்டீயரிங் கனத்த கையோடு பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப் நின்ற என்ஜின் சில நிமிடங்களில் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கட் போகும். ஒரு பெல்ட்டோடு முடிய வேண்டிய வேலை என்ஜினைப் பிரிப்பதில் போய் நிற்கும்.

ஆயில் விஷயத்தில் நடப்பவை

பெல்ட் சரியாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைப் பாருங்கள். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். அவசரத்துக்குக் கையில் இருக்கும் பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. அது கிளைக்கால் அடிப்படையிலானது. ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்கள் அது பட்டால் ஊதி, இளகி வீணாகிவிடும். தெரியாமல் ஊற்றிவிட்டால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் முழுவதையும் வடித்து அலச வேண்டும். எல்லாவற்றுக்கும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) போதும் என்பதும் சரியில்லை. சில கார்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், சிலவற்றுக்கு பென்டோசின் சிஎச்எஃப் போன்ற சிந்தெடிக் ஆயில், ஹோண்டாவின் ஹைட்ராலிக் வண்டிகளுக்கு அதற்கென்றே தனி ஆயில். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், டப்பா மூடியிலும் கையேட்டிலும் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

அளவும் முக்கியம். குளிர்ந்த என்ஜினில் 'ஹாட்' கோடு வரை நிரப்பினால் சூடானதும் விரிந்து வழியும். வழிந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட்டில் பட்டால் தீப்பிடிக்கலாம்.

இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது. தரையில் கறை இல்லையே என்று மாதாமாதம் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் ரேக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் பெல்லோஸை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. ஒழுகலை நிறுத்தும் மருந்துகள் சீலை ஊதவைத்துக் கொஞ்ச நாள் ஓட்டுமே தவிர, தேய்ந்த சீலைச் சரியாக்காது. என்ஜின் ஓடும்போது பிரஷர் ஹோஸைக் கையால் தடவி ஒழுகலைத் தேடவே வேண்டாம். அதற்குள் அழுத்தம் 100 பார் அளவுக்கும் எழும். ஊசித்துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். ஒரு காகித அட்டையை ஹோஸ் அருகே காட்டிப் பாருங்கள்.

ஆயில் மாற்றியதும் நேராக ஸ்டார்ட் செய்து ஓட்டுவதால் பம்ப் ஊளையிடும், ஆயில் நுரைக்கும். காற்று போகவில்லை என்று அர்த்தம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, என்ஜினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மெதுவாக 15, 20 தடவை திருப்புங்கள். இடையிடையே ஆயில் சேருங்கள். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட் செய்து மறுபடி திருப்ப வேண்டும். பார்க்கிங்கில் ஃபுல்லாக ஒடித்து அப்படியே பிடித்திருக்கும் பழக்கமும் பம்பைக் கொல்லும். முனையை எட்டியதும் சற்றே தளர்த்திவிடுங்கள், 5 விநாடிக்கு மேல் வேண்டாம்.

எலெக்ட்ரிக் வகையில்

இதில் ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது. விளக்கு எரிந்ததுமே முழு யூனிட்டையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறதா, பச்சைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அணைத்த நிலையில் 12.6 வோல்ட், ஓடும்போது சுமார் 14 வோல்ட் வர வேண்டும். குறுகிய இடத்தில் பலமுறை ஒடித்துத் திருப்பினால் மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைக்கும். ஆறியதும் சரியாகிவிடும், அது பழுதில்லை. ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். பெரியதைப் போட்டால் அடுத்து வயர் எரியும். பேட்டரியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பதால் பழுது போகாது, சில வண்டிகளில் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடுதான் அழியும். என்ஜின் குறியீடு மட்டும் படிக்கும் சாதாரண ஸ்கேனரில் ஸ்டீயரிங் குறியீடு தெரியாது.

கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

ஸ்டீயரிங் கனத்தாலே பவர் ஸ்டீயரிங்தான் என்பதில்லை. டயர் காற்றைப் பாருங்கள். பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜின் ஓடாமல் திருப்பிப் பாருங்கள். அப்போதும் ஓரிடத்தில் பிடித்தால் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் பேரிங், ஸ்டீயரிங் தண்டின் ஜாயின்ட் பக்கம் தேடுங்கள்.

பம்ப் உடைந்து புதிது போட்டால் பழைய ஆயிலை அலசாமல் விடக்கூடாது. இரும்புத் துகள்கள் புதிய பம்பையும் தின்றுவிடும். ஆயில் டப்பாவுக்குள் உள்ள சல்லடையும் அடைத்திருக்கும், டப்பாவையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பம்ப் புல்லியைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம், அதற்கான கருவி இருக்கிறது. ரேக்கைக் கழற்றும்போது சக்கரங்களை நேராக வைத்து, சீட் பெல்ட்டை ஸ்டீயரிங் வீலுக்குள் விட்டு மாட்டிவிடுங்கள். இணைப்பு விடுபட்ட ஸ்டீயரிங் தானாகச் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கேபிள் அறுந்துவிடும்.