மக்ஸ், டீமக்ஸ் வயரிங்ல வழக்கமா சொதப்புற இடங்கள்

மக்ஸ்னா, அதாவது மல்டிபிளெக்சர், பல இன்புட்ல ஒண்ண எடுத்து ஒரே அவுட்புட்டுக்கு விடும், டீமக்ஸ் அப்படியே உல்டா, எந்த ஒண்ணுங்கிறத செலக்ட் லைன் முடிவு பண்ணும். வைவால இத எல்லாரும் கரெக்டா சொல்லிடுவாங்க, பிரெட்போர்டுல 74எல்எஸ்151ங்கிற 8:1 மக்ஸ் ஐசிய (சுருக்கமா 74151, இன்புட் டி0ல இருந்து டி7 வரை) சொருகினதுக்கு அப்புறம்தான் கூத்தே.

பெரிய தப்பு செலக்ட் பின் வரிசைல. நாம ட்ரூத் டேபிள் போடும்போது ஏ, பி, சின்னு எழுதி ஏவ எம்எஸ்பியா, அதாவது அதிக மதிப்புள்ள பிட்டா வச்சுப்போம், ஆனா 74151 டேட்டாஷீட்ல ஏ, அதாவது பின் 11, எல்எஸ்பி (குறைஞ்ச மதிப்புள்ள பிட்), பின் 9ல இருக்கிற சி தான் எம்எஸ்பி. பேர பாத்து ஏவுக்கு ஏ, சிக்கு சின்னு வயர் போட்டா டி1 வர வேண்டிய இடத்துல டி4 வரும், டி3 கேட்டா டி6 வரும். இதுல குசும்பு என்னன்னா 000, 010, 101, 111 இந்த நாலையும் திருப்பிப் படிச்சாலும் அதே நம்பர்தான், அதனால டி0வும் டி7ம் மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு "சார் அவுட்புட் வந்துருச்சு"ன்னு கூப்பிட்டா மாட்டிப்பீங்க. 001, 011 ரெண்டையும் போட்டுப் பாருங்க, அங்கதான் சாயம் வெளுக்கும்.

அடுத்தது எனேபிள், அதாவது ஐசிய வேலை செய்ய விடுற பின். 74151ல பின் 7 ஆக்டிவ் லோ, கிரவுண்டுல போட்டாதான் ஐசி வேலை செய்யும். சும்மா விட்டா எல்எஸ் வகைல அது பெரும்பாலும் ஹைன்னு எடுத்துக்கும், அப்போ செலக்ட்ல என்ன குடுத்தாலும் பின் 5 (ஒய் அவுட்புட்) ஜீரோலயே நிக்கும், பின் 6 (அதோட தலைகீழ்) ஒன்னுலயே நிக்கும். ஐசி போச்சுன்னு ஸ்டோர்ல போய் வேற வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு வயர பாத்துடுங்க. ஹெச்சி, அதாவது சிமாஸ் வகைனா இன்னும் மோசம், மிதக்குற இன்புட் என்ன லெவல்னே சொல்ல முடியாது, கைய பக்கத்துல கொண்டு போனாலே மாறும், அதனால யூஸ் பண்ணாத டேட்டா பின்னையும் கிரவுண்டுலயோ விசிசிலயோ (பாசிட்டிவ் சப்ளை) கட்டிடுங்க.

ரெண்டு 151 வச்சு 16:1 பண்றப்போ நாலாவது செலக்ட் பிட்ட ஒரு ஐசியோட எனேபிளுக்கு நேராவும் இன்னொண்ணுக்கு நாட் கேட் வழியாவும் குடுக்கணும், ரெண்டு ஒய் அவுட்புட்டையும் ஆர் கேட்ல சேக்கணும். நேரா ஒட்டிடக்கூடாது, ஒண்ணு மேல இழுக்கும் ஒண்ணு கீழ இழுக்கும், ஐசி சூடாகும். ஒட்டித்தான் ஆகணும்னா ட்ரை ஸ்டேட் (டிசேபிள் பண்ணா அவுட்புட்ட விட்டு விலகி நிக்கிற வசதி) இருக்கிற 74251 வாங்குங்க.

டீமக்ஸுக்கு 74138 எடுத்தா அவுட்புட் எல்லாமே ஆக்டிவ் லோ, அதாவது செலக்ட் ஆனது மட்டும் லோ போகும். எல்இடிய அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போட்டா ஏழு எரியும், ஒண்ணு அணைஞ்சிருக்கும், அந்த அணைஞ்சதுதான் செலக்ட் ஆனது! எனேபிள் பின்கள்ல பின் 6 ஹை, பின் 4, 5 லோ இருந்தாதான் இதுவும் நடக்கும். டேட்டாவ பின் 4ல குடுத்தா அப்படியே வரும், பின் 6ல குடுத்தா இன்வெர்ட் ஆகி வரும், நிறைய பேர் மார்க்க விடுறது இங்கதான்.

4051 அனலாக் மக்ஸ், ரெண்டு திசைலயும் போகும், அதுல நெகட்டிவ் சப்ளை இல்லைனா அதுக்கான பின் 7ஐ கிரவுண்டோட சேத்துடணும், அவ்ளோதான்.

கடைசியா கிளிட்ச், அதாவது கண நேரத்துக்கு வந்து போற தப்பான சிக்னல். 2:1 மக்ஸ்ல ரெண்டு இன்புட்டும் 1ஆ இருக்கும்போது செலக்ட மாத்தினா அவுட்புட் 1ஆவே இருக்கணும், ஆனா நாட் கேட் எடுத்துக்கிற டிலேயால சில நானோசெகண்ட் ஜீரோவுக்கு விழுந்து எழலாம். எல்இடில கண்ணுக்கே தெரியாது, ஆனா அதே அவுட்புட்ட கவுண்டரோட கிளாக்குக்கு குடுத்தா ஒரு எண்ணிக்கை எக்ஸ்ட்ராவா ஏறிடும், அப்புறம் ராத்திரி முழுக்க கவுண்டர குறை சொல்லிட்டு உக்காந்திருப்பீங்க. ரெண்டு இன்புட்டையும் சேத்து ஒரு ஆண்ட் டெர்ம் கூட போட்டா இந்த கிளிட்ச் அடங்கும், ஆனா ரெண்டு கிளாக்குக்கு நடுவுல மாத்தணும்னா அதுவும் போதாது, அதுக்குன்னே இருக்கிற கிளிட்ச் இல்லாத கிளாக் ஸ்விட்ச் சர்க்யூட்தான் போடணும்.