லோயர் பண்ண ஸ்விஃப்ட்ல டயர் உள்பக்கமா தேயுதா? மொதல்ல டோ பாருங்க

ஸ்பிரிங் மாத்தி எறக்குன ஸ்விஃப்ட்ல முன் டயர் ரெண்டும் உள்பக்கமா தேஞ்சா எல்லாரும் கேம்பர் மேலதான், அதாவது முன்னாடி நின்னு பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ சாஞ்சு நிக்கிற கோணத்து மேலதான் பழி போடுவாங்க. நானும் அதையே நம்பி 8,000 கிலோமீட்டர்ல ஒரு ஜோடி டயர தூக்கிப் போட்டேன், வெளிய நின்னு பாத்தா பட்டன் (டயர் மேல இருக்குற மேடு) எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு உள்ள பாத்தப்போ கம்பி தெரிஞ்சுது. நிஜமா டயர தின்னது டோ, அதாவது மேல இருந்து பாத்தா சக்கரம் நேரா இல்லாம உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற கோணம்.

ஒரு சக்கரத்துல டோ ஒரு டிகிரி தப்பா இருந்தா, ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் கிட்டத்தட்ட 17 மீட்டர் சைடு வாட்டுல ரோட்ட தேச்சுக்கிட்டே போகுது. கேம்பர் ஒன்றரை டிகிரி நெகட்டிவ்ல (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாஞ்சு) இருந்தாலும் டோ சரியா இருந்தா டயர் தாங்கும்.

கைய வச்சே கண்டுபிடிக்கலாம். உள்ளங்கைய பட்டன் மேல குறுக்க இழுங்க, ஒரு பக்கம் போறப்ப வழவழன்னும் திரும்பி வர்றப்ப ரம்பம் மாதிரியும் இருந்தா அது டோ. ரம்பம் இல்லாம உள் ஓரம் மட்டும் சரிவா தேஞ்சிருந்தா கேம்பர். ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பர் இல்ல வீல் பேலன்ஸ்.

வீல் அலைன்மெண்டுக்கு (இந்த கோணங்கள மெஷின்ல அளந்து சரி பண்றதுக்கு) முன்னாடி ஒரு வேலை இருக்கு, பாதி பேர் இத விட்டுடுறாங்க. லோயர் ஆர்ம்ல (சக்கரத்த கீழ பிடிச்சிருக்குற கை) இருக்குற ரப்பர் புஷ் போல்ட்ட வண்டி ஜாக்கில தொங்குறப்பவே டைட் பண்ணிட்டா, கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். அதனால போல்ட்ட லூஸ் பண்ணி, வண்டி சக்கரத்து மேல நிக்கிறப்ப டைட் பண்ண சொல்லுங்க. அப்புறம் முன்னாடி தூக்கி சக்கரத்த இடது வலதா பிடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா டை ராட் எண்ட (ஸ்டியரிங்ல இருந்து சக்கரத்துக்கு வர்ற ராடோட முனை) பாருங்க, மேல கீழ ஆட்டம் இருந்தா பால் ஜாயிண்ட் இல்லன்னா பேரிங். ஆட்டத்த வச்சுக்கிட்டு அலைன்மெண்ட் பண்றது காசுக்கு கேடு.

ஸ்பிரிங் போட்ட அன்னைக்கே டோ மட்டும் பண்ணிடுங்க, அப்படியே ஓட்டுனா செட்டில் ஆகுறதுக்குள்ளயே டயர் போயிடும். 500 கிலோமீட்டர் ஓடுனதும் மறுபடி முழுசா பண்ணுங்க. காத்து சரியா பிடிச்சு, பூட்ல இருக்குற தேவையில்லாத சாமான எறக்கிட்டு போங்க.

ஸ்விஃப்ட்ல கம்பெனி செட்டிங்ல கேம்பர் அட்ஜஸ்ட் கெடையாது. ரெண்டு பக்கமும் அரை டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா ஸ்ட்ரட்டோ (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த தண்டு) நக்கிளோ (சக்கரம் மாட்டுற பாகம்) வளைஞ்சிருக்கான்னு பாருங்க, அது சரியா இருந்தா கேம்பர் போல்ட் போட்டு சரி பண்ணலாம். கேம்பர தொட்டா டோ மாறும், அதனால கேம்பர் மொதல்ல, டோ கடைசில. பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்குற ஒரே பீம்), அட்ஜஸ்ட்மெண்டே இல்ல, ஆனா ரீடிங் கண்டிப்பா எடுக்க சொல்லுங்க, அது கோணலா இருந்தா ஸ்டியரிங் நேரா நிக்காது.

மெஷின் பச்சை காட்டுதுன்னு திருப்தி ஆகாதீங்க, அந்த ரேஞ்சு எறக்காத வண்டிக்கு போட்டது. ரெண்டு பக்கமும் சேத்து டோ சைபர்ல இருந்து 0.1 டிகிரி டோ-இன்குள்ள (சக்கரத்தோட முன்பக்கம் உள்ள திரும்புறது), ரெண்டுலயும் சமமா வரணும்னு கேளுங்க, அலைன்மெண்டுக்கு முன்னாடி எடுத்தது, முடிச்சப்புறம் எடுத்தது ரெண்டு பிரிண்டும் வாங்கிக்கோங்க.

அப்புறம் 5,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா டயர முன்ன பின்ன மாத்துங்க, மாசம் ஒருக்கா ஸ்டியரிங்க ஒடிச்சு உள் ஓரத்த கையால தடவி பாருங்க. டிடபிள்யூஐ கட்டை (டயர் தேய்மானத்த காட்டுற, காடிக்குள்ள இருக்குற மேடு), அதாவது 1.6 மில்லி, உள் ஓரத்துல வந்துட்டா வெளிய எவ்ளோ பட்டன் இருந்தாலும் அந்த டயர் முடிஞ்சுது, மழைல அத நம்பி ஓட்டாதீங்க.