மைக்ரோமீட்டருக்கு அன்சர்ட்டனிட்டி பட்ஜெட் போடுவது எப்படி?

என்ஏபிஎல் (சோதனை, காலிபரேஷன் லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்குப் போகும், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் சின்ன காலிபரேஷன் லேப்களில் மேனுவல், ரிஜிஸ்டர் எல்லாம் எப்படியோ தயாராகிவிடும். லேப்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017-இன் 7.6 பிரிவுக்கு வந்ததும் வேலை அப்படியே நிற்கும். அங்கே கேட்பது அன்சர்ட்டனிட்டி கணக்கு, அதாவது நாம் சொல்லும் அளவு உண்மை மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பது. அதற்கான ஒவ்வொரு காரணத்தையும் ஒரு வரியாகப் போட்டுக் கூட்டும் பட்டியல்தான் பட்ஜெட். தியரி பேசாமல் ஒரு 0–25 மி.மீ. டிஜிட்டல் மைக்ரோமீட்டரை எடுத்துப் போட்டே பார்த்துவிடலாம். லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 1 மைக்ரான் (0.001 மி.மீ.). ஒப்பிட 25 மி.மீ. ஸ்லிப் கேஜ், அதாவது துல்லியமான நீளமுள்ள எஃகுக் கட்டை. துடைப்பது, ஜீரோ வைப்பது எல்லாம் தெரியும்தானே, நேராகக் கணக்குக்குப் போகிறேன்.

முதல் படி, ரீடிங். ஒவ்வொரு முறையும் முழுசாகத் திறந்து, ராட்செட்டால் மூடி, பத்து ரீடிங். திட்ட விலக்கம் 0.7 மைக்ரான் வந்தது என்று வையுங்கள். சராசரியைத்தான் சர்ட்டிபிகேட்டில் போடப்போகிறோம், அதனால் √10-ஆல் வகுத்தால் 0.22. எக்செல்லில் திட்ட விலக்கத்துக்கு எஸ்டிடெவ்.எஸ் (STDEV.S) ஃபார்முலா போடுங்கள். எஸ்டிடெவ்.பி போட்டால் விடை குறைவாக வரும், அசெஸ்சர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

இரண்டாவது, ஸ்லிப் கேஜின் சர்ட்டிபிகேட். அதில் 0.12 மைக்ரான், கே = 2 (அதாவது ஏற்கனவே இரண்டால் பெருக்கிய அன்சர்ட்டனிட்டி) என்று இருந்தால் பாதியாக்கி 0.06 எழுதுங்கள். அந்த சர்ட்டிபிகேட் அங்கீகாரம் பெற்ற லேபிலிருந்தோ டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்தோ வந்ததா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, லீஸ்ட் கவுண்ட். இந்தப் படியில்தான் பலருக்கும் சறுக்கும். திரையில் 25.000 தெரிகிறது என்றால் உண்மையான அளவு அதற்கு மேலும் கீழும் அரை மைக்ரானுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இப்படி ஒரு எல்லைக்குள் எங்கும் சமமாக இருக்கக்கூடியதற்கு அந்த எல்லையை √3-ஆல் வகுப்பார்கள். ஆகவே √3-ஆல் வகுக்க வேண்டியது 0.5-ஐ, 1-ஐ அல்ல. சரியாகப் போட்டால் 0.29, ஒன்றை வகுத்தால் 0.58. இந்த ஒரு வரியால் கடைசி விடை 0.8-இலிருந்து 1.3 மைக்ரானாக ஏறிவிடும். கூடுதலாகக் காட்டினால் பாதுகாப்புத்தானே என்று சிலர் சொல்வார்கள். சரி, ஆனால் உங்கள் சிஎம்சியும் (லேப் தரக்கூடிய மிகக் குறைந்த அன்சர்ட்டனிட்டி என்று அங்கீகாரத்தில் பதிவாகும் மதிப்பு) அதோடு ஏறும், கஸ்டமர் பக்கத்து லேபுக்குப் போய்விடுவார்.

நான்காவது, வெப்பநிலை. நீள அளவுக்கு ஆதாரம் 20 டிகிரி செல்சியஸ். இரண்டும் எஃகு என்பதால் சேர்ந்தே நீளும். தொல்லை தருவது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம். ஒரு டிகிரிக்கு 25 மி.மீ. எஃகு சுமார் 0.29 மைக்ரான் நீளும், வித்தியாசம் ±1 டிகிரிக்குள் என்று எடுத்தால் √3-ஆல் வகுத்து 0.17. மைக்ரோமீட்டரை வெறுங்கையால் பிடித்துக்கொண்டே பத்து ரீடிங் எடுப்பவர்கள் இந்த ±1-ஐ நம்பவேண்டாம். ஸ்டாண்டில் மாட்டுங்கள், அதற்கு முன் இரண்டையும் ஏசி அறையில் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் நன்றாக ஊறவிடுங்கள்.

இப்போது நாலையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.40. அதை இரண்டால் பெருக்கினால் 0.81 மைக்ரான், சுமார் 95% நம்பகத்தோடு. பயனுறு கட்டின்மை எண் (இந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதன் அளவு) நூறைத் தாண்டுவதால் கே = 2 போதும்.

விலை கொடுத்து வாங்கும் ரெடிமேட் சாஃப்ட்வேர் எனக்குப் பிடிக்காது. 'இந்த 0.29 எங்கிருந்து வந்தது?' என்று ஆடிட்டில் கேட்டால் செல்லைத் தொட்டுக் காட்ட வேண்டும், எக்செல்லில் அது முடியும். ஃபார்முலா செல்களை மட்டும் பூட்டி, கையால் போட்ட ஒரு கணக்கோடு ஒப்பிட்ட தாளை ஃபைலில் வையுங்கள், 17025-இல் தரவுக் கட்டுப்பாடு பற்றிய 7.11 பிரிவுக்கு அது தேவைப்படும்.

பின்சேர்க்கை: பத்து ரீடிங்கும் ஒன்றாகவே வந்து திட்ட விலக்கம் பூஜ்யமானால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, லீஸ்ட் கவுண்ட் வரி அதைத் தாங்கிக்கொள்ளும். ரீடிங்கை மாற்றி எழுதிவிடாதீர்கள். அப்புறம், இப்படிக் குறைந்து வந்த விடை உங்கள் ஸ்கோப்பில் (அங்கீகாரப் பட்டியலில்) உள்ள சிஎம்சியை விடச் சிறியதாக இருந்தால் அதை அப்படியே சர்ட்டிபிகேட்டில் போடக்கூடாது, சிஎம்சி மதிப்பைத்தான் போட வேண்டும்.