ராக் இசை இதழுக்கு அட்டை வடிவமைக்கிறீர்களா?

பதின்வயது ராக் ரசிகர்களுக்கான இதழ் என்றால், அட்டைப்படத்தில் இருப்பவரின் பார்வையை முதலில் கவனியுங்கள். அவர் வாசகரை நேராக முறைக்க வேண்டும். சிரித்த முகம் பாப் இதழுக்குச் சரி. இங்கே கொஞ்சம் திமிர் தேவை. இசைக்குழுவின் படமென்றால் பாடகரை முன்னே நிறுத்தி, மற்றவர்களை அவர் தோளுக்குப் பின்னால் நெருக்கி நிற்க வையுங்கள்.

நிறங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, வெள்ளை, கூடவே சிவப்போ மஞ்சளோ ஒன்று. அவ்வளவுதான்.

1981இல் பிரிட்டனில் தொடங்கிய 'கெராங்' இதழின் பெயரெழுத்துகள் விரிசல் விட்ட கண்ணாடிபோல உடைந்திருக்கும். கிட்டாரின் அதிர்வைப் படத்துக்கு முன்பே அந்த எழுத்து சொல்லிவிடும். நீங்களும் அப்படிச் செய்யலாம், ஆனால் உடைசலை இதழின் பெயரோடு நிறுத்துங்கள். கட்டுரைத் தலைப்பு, படக்குறிப்பு என எல்லாவற்றையும் சிதைத்தால் யாராலும் படிக்க முடியாது. கிழிந்த காகித ஓரம், சற்றே சாய்ந்த படம், கையால் கிறுக்கியது போன்ற எழுத்து ஆகியவற்றையும் அளவோடு தூவினால் போதும். பங்க் ராக் இசைக்குழுக்களின் பழைய நோட்டீஸ்களில் பார்த்த அந்த முரட்டுத்தனம் வந்துவிடும்.

அப்புறம் நடுப்பக்க போஸ்டர். அதை அறைச் சுவரில் ஒட்டுவதற்காகவே இதழை வாங்குகிறவர்கள் உண்டு. அதனால் அதன் பின்பக்கத்தில் முக்கியமான பேட்டியைப் போடாதீர்கள். விளம்பரமோ இன்னொரு போஸ்டரோ இருக்கட்டும்.