நொய்பெர்லாக்கில் வீடு பார்க்கிறீர்களா? சமையலறை யாருடையது என்று முதலில் கேளுங்கள்

மியூனிக்கில் வேலை கிடைத்து வரும் தமிழர்களிடம், வந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் நொய்பெர்லாக் என்ற பெயரைச் சொல்லிவிடுவார். நகரத்தின் தென்கிழக்கில் இருக்கிறது. சீமென்ஸ் வளாகம் அங்கேயே உள்ளது. இன்ஃபினியோன் தலைமையகம் பக்கத்து ஊரான நொய்பிபெர்க்கில். யு5 ரயிலில் ஏறினால் பிரதான ரயில் நிலையத்துக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். நகர மையத்தின் வாடகையைக் கேட்டு மலைத்துப்போனவர்கள் பலர் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். இங்கேயும் வாடகை குறைவு என்று சொல்ல மாட்டேன்; மியூனிக்கில் அப்படி ஓர் இடமே கிடையாது.

அலுவலகத்தில் "நொய்பெர்லாக்கில் இருக்கிறேன்" என்றால் ஜெர்மன்காரர்கள் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். வெறும் கான்கிரீட் என்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். வீட்டுப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1967இல் அடிக்கல் நாட்டி, வயல்வெளியில் எழுப்பிய துணை நகரம் இது. மாடிக் கட்டடங்கள் அதிகம்தான். ஆனால் அவற்றுக்கு நடுவே எவ்வளவு மரம், எவ்வளவு புல்வெளி என்று வந்து பார்த்தால்தான் தெரியும். கார் ஓடும் சாலையில் கால் வைக்காமலே பாலங்கள், நடைபாதைகள் வழியாக வெகுதூரம் நடந்துவிடலாம். ஓஸ்ட்பார்க்கில் ஏரி இருக்கிறது. பக்கத்திலேயே மிஷாயேலிபாட் நீச்சல் குளம். 1981இல் திறந்த 'பெப்' வணிக வளாகத்தில் எல்லாம் கிடைக்கும். கொத்தமல்லி, பச்சை மிளகாய், வெண்டைக்காய்க்குத் துருக்கிக் கடைகள் போதும். முருங்கைக்காய்தான் வேண்டுமென்றால் பிரதான ரயில் நிலையப் பக்கம் இருக்கும் ஆசியக் கடைகளுக்குப் போக வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பெர்லாக் வேறு, நொய்பெர்லாக் வேறு. முன்னது தேவாலயமும் சந்தைத் திடலுமாக இருக்கும் பழைய கிராமம். வீடு பார்க்கப் போகும்போது பெர்லாக் எஸ்-பான் (புறநகர் ரயில்) நிலையத்தில் இறங்கிவிட்டு, நொய்பெர்லாக் சூட் நிலையத்தருகே இருக்கும் வீட்டைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

அரசாங்க வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இவை எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதாவது ஆன்மெல்டுங், செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் அது நடக்காது. அதைத் தர மறுப்பவரின் வீட்டை எடுக்காதீர்கள். நேரப்பதிவு நகரத்தின் எந்தக் குடிமக்கள் அலுவலகத்தில் கிடைத்தாலும் போய்விடுங்கள். நமக்கு அருகில் இருப்பது ஓஸ்ட்பான்ஹோஃப் பக்கத்தில், ஓர்லெயான்ஸ்பிளாட்ஸில். வரி எண் தபாலில்தான் வரும். வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை என்று வாதாடிப் பயனில்லை. முன்பணமாக, வீட்டைச் சூடாக்குவது, தண்ணீர் போன்ற செலவெல்லாம் சேராத அடிப்படை வாடகையின் மூன்று மாத அளவுக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது சொர்க்கமாகத் தெரியும். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள்.

தபால் பெட்டியில் பெயர் ஒட்ட மறக்காதீர்கள். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அறுபது அழைப்பு மணிகளுக்கு நடுவே பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுகிறார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பெட்டியிலும் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு அது அப்பாவின் பெயர். என் அப்பா இன்றுவரை ஜெர்மனிப் பக்கம் வந்ததில்லை. ஆனாலும் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவரைத்தான் தெரியும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

நம் ஊரில் வாடகை வீடு என்றால் சமையல் மேடை இருக்கும், தொட்டி இருக்கும், மேலே நாலு அலமாரியாவது இருக்கும். இங்கே பல வீடுகளில் சமையலறை என்று காட்டப்படும் அறைக்குள் போனால் நான்கு சுவரும், நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்ணீர்க் குழாயும், அடுப்புக்கான மின் இணைப்புப் பெட்டியும்தான் இருக்கும். கூரையில் விளக்குகூட இருக்காது. இரண்டு கம்பி தொங்கும். மேடை, அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் குடியிருந்தவரின் சொந்தப் பொருள். அவர் போகும்போது கழற்றிக்கொண்டு போவார், அல்லது அடுத்து வருபவருக்கு விற்பார். அப்படி விற்கும் தொகைக்கு ஆப்லோஸே என்று பெயர்.

என் நண்பர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், குவிடெ சாலை நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்தார். காலி செய்பவரும் தமிழர். அதனால் நண்பருக்கு ஏகப்பட்ட நிம்மதி. வீட்டுக்காரரிடம் சிபாரிசு செய்வதாகச் சொன்னார், செய்தும் வைத்தார். சமையலறைக்கு நாலாயிரம் யூரோவுக்கு மேல் கேட்டார். பளபளவென்று வெள்ளை அலமாரி, கண்ணாடி மேல்தளம் கொண்ட மின் அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம். பதினைந்து வருடம் பழையது என்று யார் சொன்னார்கள்? நண்பர் ரசீது கேட்கலாமா என்று யோசித்தபோது, "நமக்குள்ளே எதற்குங்க பத்திரம்?" என்று தோளில் தட்டிச் சிரித்தார். பணம் ரொக்கமாகக் கைமாறியது.

இந்த "நமக்குள்ளே" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. ஒரு ஜெர்மன்காரரிடம் என்றால் நாமே பத்துக் காகிதம் கேட்போம்.

முதல் குளிர்காலத்திலேயே அடுப்பில் இரண்டு வளையங்கள் சூடாகவில்லை. நண்பர் கட்டட நிர்வாகத்துக்கு எழுதினார். ஒரே வரியில் பதில் வந்தது: சமையலறை எங்களுடையது அன்று, நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், வீடு சமையலறை இல்லாமல் வாடகைக்கு விடப்படுகிறது என்று தெளிவாக இருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சில வருடம் கழித்து ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்து அவர் வீட்டைக் காலி செய்தபோதுதான் உண்மையான அடி விழுந்தது. அடுத்துக் குடிவரும் குடும்பத்திடம் சொந்தமாகச் சமையலறை இருந்தது. பழையது வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் சொன்னது இதுதான்: காலியாகக் கொடுத்தோம், காலியாகத் திருப்பித் தாருங்கள். வாங்கியது வேறொரு குடியிருப்பாளரிடம் என்பதெல்லாம் அவர்களுக்குச் சம்பந்தமில்லாத கதை. சட்டமும் அவர்கள் பக்கம்தான். பொருளை வாங்கியவர், அதை அகற்றும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் போய்க் கழற்றினோம். மேடைப் பலகையின் அடிப்பக்கம் தண்ணீர் ஊறி, கையால் பிய்த்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அலமாரிக்குப் பின்னால் ஓடுகளில் ஆணி அடித்த ஓட்டைகள், அதுவும் வரிசை தவறி இரண்டு தலைமுறைக்கான ஓட்டைகள். பாயர்வால்ட் சாலையில் இருக்கும் மறுசுழற்சி மையத்துக்கு வாடகை வேனில் கொண்டுபோய்க் கொட்டினோம். ஓடுகளுக்காக முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஓட்டைகள் எல்லாம் தனக்கு முன்பே இருந்தவை என்று நிரூபிக்க நண்பரிடம் ஒரு புகைப்படமும் இல்லை; குடிவந்த நாளின் ஒப்படைப்புக் குறிப்பில் சமையலறை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், சட்டம் வாங்குபவரையும் பாதுகாக்கத்தான் செய்கிறது. வீட்டைக் காலி செய்து தருவதற்காக மட்டும் பணம் கேட்பது செல்லாது. காலி செய்பவரின் சாமான் மாற்றும் செலவை வேண்டுமானால் ஏற்றுக்கொள்ளலாம். பொருளுக்கு விலை வைத்தாலும், அதன் அப்போதைய மதிப்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாக வைத்தால், வரம்பு மீறிய தொகையைத் திருப்பிக் கேட்கலாம் என்றே நீதிமன்றங்கள் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கே அத்தாட்சி இல்லாதவர் என்ன கேட்பது?

ஆகவே விளம்பரத்தில் சமையலறைப் படம் இருந்தால் மயங்காதீர்கள். அது வீட்டோடு சேர்ந்ததா, குடியிருப்பவருடையதா என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள். வீட்டோடு சேர்ந்தது என்றால் அந்தச் சொல் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அப்போது அடுப்பு கெட்டால் பழுது பார்ப்பது அவர் பொறுப்பு. குடியிருப்பவருடையது என்றால் எழுத்தில் விற்பனை ஒப்பந்தம் போடுங்கள்: ஒவ்வொரு சாதனமும், அதன் வயதும், விலையும் தனித்தனியாக. வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானால் மட்டுமே இந்த விற்பனை செல்லும் என்ற வரி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வீடு கிடைக்காமல் அலமாரி மட்டும் கையில் இருக்கும். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். போகும்போது சமையலறையை அப்படியே விட்டுப்போகலாமா என்று வீட்டுக்காரரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சாவி வாங்கும் நாளில் அலமாரிக் கதவுகளைத் திறந்து, தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, ஓடுகளைப் படம் பிடித்து, ஒப்படைப்புக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். சங்கடமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

விலை ஒத்துவரவில்லை என்றால் தென்பக்கம் டவுஃப்கிர்ஷெனில் ஐக்கியா இருக்கிறது. எளிமையான மேடையும் தொட்டியும் புதிதாகவே வாங்கலாம். பழைய சாமான்களுக்கு நகராட்சியே பாசிங்கில் 'ஹாலே 2' என்ற கடை நடத்துகிறது. மின் அடுப்பை மட்டும் நீங்களாகச் சுவரில் இணைக்காதீர்கள். அது 400 வோல்ட் இணைப்பு, மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

அடுப்பு என்றதும் இன்னொன்று. இண்டக்ஷன் அடுப்பில் ஈயச் சொம்பு, மண்சட்டி, வெண்கலப் பானை எதுவும் வேலை செய்யாது. இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும், ஆனால் இழுத்தால் கண்ணாடியில் கோடு விழும். என் மனைவி பாட்டி கொடுத்த ஈயச் சொம்பை மூன்று அடுக்குத் துணியில் சுற்றி விமானத்தில் கொண்டுவந்தாள்; இப்போது அதில் கறிவேப்பிலைச் செடி வளர்கிறது, அதாவது வளர மறுக்கிறது. பல வீடுகளில் புகைபோக்கி வெளியே போகாது; வடிகட்டி வழியாக அதே காற்று அறைக்குள்ளேயே திரும்பும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் போடாதீர்கள், கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து நிற்பார்.

காலி செய்யும் முடிவெடுத்தால் மூன்று மாத அறிவிப்பு தேவை. கையெழுத்திட்ட காகிதம் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் இருந்தால்தான் அந்த மாதம் கணக்கில் சேரும், மின்னஞ்சல் செல்லாது. அதே கடிதத்தில் சமையலறையைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். தகராறு வரும்போல் தெரிந்தால் குடியிருப்பாளர் சங்கமான மீட்டர்ஃபெரைனில் உறுப்பினராகி வழக்கறிஞரிடம் ஆலோசனை கேளுங்கள்.

நண்பருக்கு விற்றவர் இதே பகுதியில் பெரிய வீட்டுக்கு மாறிவிட்டார். போன மாதம் பெப் வாசலில் பார்த்தேன். புதிதாக வந்திருக்கும் மதுரைப் பையன் ஒருவனுக்கு வீடு பார்த்துக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். எந்த வீடு என்று கேட்டேன். "நாங்கள் இப்போது இருக்கும் வீடுதான், சமையலறை மட்டும் பார்த்தீர்கள் என்றால் அசந்துவிடுவீர்கள்" என்றார். பையனின் எண்ணை வாங்கிக்கொண்டேன்.