மந்தகாலத்தில் நிறுவனத்தை நடத்த 13 வாரப் பண வரவு செலவுத் தாள்: போடுவது எப்படி?

ஆர்டர் குறையத் தொடங்கியதும் நிர்வாகத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தச் செலவை வெட்டலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: கையில் இருக்கும் பணம் எந்த வாரம் வரைக்கும் தாங்கும்?

லாப நஷ்டக் கணக்கைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பில் போட்ட அன்றே அது வருமானமாகக் கணக்கில் ஏறிவிடும். பணம் வந்து சேர மூன்று மாதம்கூட ஆகலாம். கணக்கில் லாபம் இருக்கும், சம்பளத் தேதியில் வங்கியில் பணம் இருக்காது. நல்ல நிறுவனங்கள்கூட மந்தகாலத்தில் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

எங்கள் விற்பனை சரிந்தபோது எங்களைக் காப்பாற்றியது, அடுத்த 13 வாரத்தில் எந்த வாரம் எவ்வளவு பணம் வரும், எவ்வளவு போகும் என்று காட்டும் ஒரு சாதாரண விரிதாள். அதை எப்படிக் கட்டினோம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தலும் பழைய பில்களைப் புரட்டும் பொறுமையும் போதும்.

ஏன் 13 வாரம்?

13 வாரம் என்பது ஒரு காலாண்டு. சிக்கலில் இருக்கும் நிறுவனங்களிடம் கடன் கொடுத்தவர்கள் வழக்கமாகக் கேட்பதும் இதே அளவுதான். நான்கு வாரம் பார்த்தால் காலாண்டு வரியும் காப்பீட்டுத் தவணையும் கண்ணில் படாமலே போய்விடும். ஒரு வருடத்துக்குப் போட்டால் பின்பாதி முழுக்க ஊகமாகிவிடும். மாதக் கணக்காகவும் போடாதீர்கள். மாத முடிவில் இருப்பு நன்றாகத் தெரியும், நடுவில் மூன்றாவது வாரத்தில் பள்ளம் விழுந்திருப்பது தெரியவே தெரியாது.

படி 1: தாளை அமைத்தல்

எக்செல், லிப்ரேஆஃபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. என் தேர்வு கூகுள் ஷீட்ஸ். கணக்காளரும் விற்பனைப் பொறுப்பாளரும் ஒரே தாளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம், யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்பதும் பதிவாகிவிடும். இதற்கென்றே விற்கப்படும் முன்கணிப்பு மென்பொருள்களைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். அவை தானாகவே எண்களை நிரப்பித் தரும். ஒவ்வொரு எண்ணையும் நீங்களே யோசித்துப் போடுவதில்தான் இந்தத் தாளின் பயனே இருக்கிறது.

மேலே 13 நெடுவரிசைகள், ஒவ்வொன்றுக்கும் வார எண்ணும் திங்கட்கிழமைத் தேதியும். இடப்பக்கம் தொடக்க இருப்பு, வரவுகள், செலவுகள், இறுதி இருப்பு. ஒரு வாரத்தின் இறுதி இருப்பு அடுத்த வாரத்தின் தொடக்க இருப்பு.

வரவுகளை இந்தத் தாளில் நேரடியாகத் தட்டச்சு செய்ய வேண்டாம். பாக்கி பில்களுக்கு இன்னொரு தாள் வையுங்கள்: வாடிக்கையாளர், பில் எண், தொகை, "எதிர்பார்க்கும் வாரம்". முதன்மைத் தாள் சம்இஃப்ஸ் (SUMIFS, நிபந்தனைக்குப் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டுவது) ஃபார்முலா மூலம் வார எண்ணைப் பார்த்துத் தொகையை எடுத்துக்கொள்ளும். ஒரு வாடிக்கையாளர் இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் ஓர் எண்ணை மாற்றினால் போதும், எல்லாம் தானாக நகரும்.

படி 2: தொடக்க இருப்பு

வங்கிச் செயலியில் தெரியும் தொகையை அப்படியே போடக் கூடாது. நீங்கள் கொடுத்து இன்னும் பாஸாகாத காசோலைகளைக் கழியுங்கள். பில்லோடு வசூலித்து இன்னும் அரசுக்குக் கட்டாத வரியையும் செலவுப் பக்கத்தில் அதன் கெடு வாரத்தில் எழுதிவிடுங்கள். அது உங்கள் பணம் அல்ல.

ஓவர்டிராஃப்டில் (இருப்புக்கு மேல் எடுக்க வங்கி அனுமதிக்கும் கடனில்) பயன்படுத்தாமல் இருக்கும் வரம்பையும் இருப்பில் சேர்க்காதீர்கள், தனி வரிசையில் வையுங்கள். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலான பிறகு, ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்குக்கூடக் கடன் கிடைப்பது கடினமானது. பணம் மிக அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் வங்கியும் வரம்பைக் குறைக்கப் பார்க்கும்.

படி 3: பணம் உண்மையில் எப்போது வரும்?

இந்தப் படியில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. தாள் உண்மை பேசுமா பேசாதா என்பது முழுக்க இதைப் பொறுத்தது.

பில்லில் "30 நாள்" என்று அச்சடித்திருக்கும். அது நாம் கேட்கும் தேதி. அவர்கள் கொடுக்கும் தேதி வேறு. பெரிய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கடந்த ஒரு வருட பில்களை எடுங்கள். பில் தேதி, பணம் வந்த தேதி, இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

ஒருவருடைய கடைசி நான்கு பில்கள் 41, 52, 58, 71 நாட்களில் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 55 நாள், சுமார். அதைப் போடத் தோன்றும், போடக் கூடாது. எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அவருக்கும் மந்தம்தான், அவரும் தன் பணத்தை நீட்டிப் பிடிக்கிறார். நான் இந்த ஆளுக்கு 80 நாள் போடுவேன். முன்னாடியே வந்தால் நல்லது.

அடுத்து, பணம் வெளியேறும் வழியை விசாரியுங்கள். பல நிறுவனங்கள் மாதத்தில் ஓரிரு நாட்களில் மட்டுமே பணம் பட்டுவாடா செய்யும். அந்த நாளுக்கு ஒரு நாள் பிந்தினால்கூட அடுத்த சுற்றில்தான் பணம் வரும். அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு போன் போட்டு, "எங்கள் பில் எந்தச் சுற்றில் இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்கும்போதுதான் இன்னொன்றும் தெரியவரும்: ஆர்டர் எண் தப்பாக இருக்கிறது, ஒரு பெட்டி குறைந்து வந்திருக்கிறது என்று ஏதோ ஒரு சின்னக் காரணத்துக்காக முழு பில்லும் ஒப்புதல் இல்லாமல் கிடக்கும். யாரும் நமக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் அதிகப் பணத்தை விடுவித்தது இந்த மாதிரிப் போன்கள்தான் என்று அடித்துச் சொல்வேன். செலவைக் குறைக்கும் கூட்டங்களில் உட்காரும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

சந்தேகமான பாக்கிகளைத் தாளில் பூஜ்யமாகவே வையுங்கள். "பாதியாவது தருவார்" என்று நம்பி எழுதும் பாதித் தொகை பெரும்பாலும் வராது. 

சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி தரலாமா? 30 நாள் பில்லுக்கு 10 நாளில் கட்டினால் 2% தள்ளுபடி என்று வைத்தால், 20 நாள் முந்திப் பணம் வாங்க 2% கொடுக்கிறீர்கள். வருடக் கணக்கில் இது சுமார் 37% வட்டி. தாளில் பள்ளம் தெரியும் வாரத்துக்கு மட்டும், குறிப்பிட்ட வாடிக்கையாளரிடம் மட்டும் இதைப் பேசுங்கள். எல்லாருக்கும் அறிவித்தால் ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுபவர்கள்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள்.

படி 4: செலவுகள்

சம்பளம், வரி, கடன் தவணை, வாடகை, சப்ளையர் என்று பிரித்து, உண்மையில் பணம் போகும் வாரத்தில் எழுதுங்கள். கடந்த ஒரு வருட வங்கி அறிக்கையை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் உரிமம், காப்பீடு, மென்பொருள் சந்தா, போனஸ் எல்லாம் அங்கேதான் அகப்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடுபவர்கள் கவனிக்கவும்: வருடத்தில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் விழும்.

படி 5: அடிமட்டக் கோடு

இருப்பு எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். நான் வைப்பது ஒரு மாதச் சம்பளமும் ஒரு கடன் தவணையும் சேர்ந்த தொகை. இறுதி இருப்பு அதற்குக் கீழே போகும் வாரம் சிவப்பாகும்படி நிபந்தனை வடிவமைப்பை (conditional formatting) போட்டுவிடுங்கள்.

இப்போது தாளை நகலெடுத்து வரவுகளில் 20% குறையுங்கள். இன்னொரு நகலில் உங்கள் மிகப்பெரிய வாடிக்கையாளரை முழுதாக நீக்குங்கள். இரண்டாவது நகல் பயமுறுத்தும், ஆனால் தேவை. ஒவ்வொரு நகலிலும் சிவப்பு எந்த வாரம் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் தாளில் 11ஆம் வாரம், இரண்டாவதில் 7, மூன்றாவதில் 4 என்று வந்தால், முடிவெடுக்க உங்களுக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான். வங்கியிடமும் சப்ளையரிடமும் 2ஆம் வாரத்தில் போய்ப் பேசுபவருக்குக் கிடைக்கும் மரியாதை, தவணை தவறிய பிறகு போய் நிற்பவருக்குக் கிடைக்காது. தாளையே கையோடு எடுத்துப் போங்கள்.

படி 6: ஆட்குறைப்பு பற்றி நினைக்கும் முன்

இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

50 பேர், ஆளுக்கு மாதச் சம்பளம் 10 அலகு. ஐந்து பேரை அனுப்பினால் மாதம் 50 மிச்சம். ஆனால் மூன்று மாதச் சம்பளம் இழப்பீடு என்றால் முதல் வாரத்திலேயே 150 வெளியே போகும், எடுக்காத விடுப்புக்கான பணம் தனி. 13 வாரத்தில் மிச்சமாவதும் 150தான். அதாவது இந்தக் காலாண்டில் உங்கள் நிலைமை மேம்படாது, முதல் வாரங்களில் மோசமாகும். அதே 50 பேரும் 10% குறைத்துக்கொண்டால் மிச்சம் அதே மாதம் 50. வெளியே போவது எதுவும் இல்லை, வேலை தெரிந்த கைகளும் உள்ளேயே இருக்கும்.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. 1970 மந்தத்தில் ஹியூலெட் பேக்கர்ட் என்ற அமெரிக்க மின்னணுக் கருவி நிறுவனம் இதைத்தான் செய்தது: 10% சம்பளக் குறைப்பு, பதிலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆர்டர்கள் திரும்பியதும் முழுச் சம்பளமும் திரும்பியது. 2009இல் பேரி வேமில்லர் என்ற அமெரிக்க இயந்திரத் தயாரிப்பு நிறுவனம் ஆட்களை நீக்காமல், எல்லாரும் நான்கு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும்படி ஏற்பாடு செய்தது. 2008 டிசம்பரில் ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனம் சம்பளக் குறைப்பை அறிவித்தபோது தலைவர் ஃப்ரெட் ஸ்மித் தனக்கு 20% குறைத்துக்கொண்டார், மாதச் சம்பளக்காரர்களுக்கு 5%. இந்த வரிசை முக்கியம். மேலே இருப்பவர் அதிகம் குறைத்துக்கொண்டால்தான் கீழே இருப்பவரிடம் கேட்க வாய் வரும்.

சம்பளக் குறைப்புக்கு ஊழியரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அறிவிக்கும் முன் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், போன ஆர்டர் திரும்பவே வராது என்று தெரிந்தால் ஆட்குறைப்பைத் தவிர்க்க முடியாமலும் போகலாம். அப்போது ஒரே தடவையில் முடியுங்கள். மாதம் இரண்டு பேராக அனுப்பினால் மிச்சமிருக்கும் எல்லாரும் அடுத்தது யார் என்றே யோசித்துக்கொண்டிருப்பார்கள், அதில் கெட்டிக்காரர்கள் தாமாகவே முதலில் கிளம்புவார்கள்.

படி 7: ஒவ்வொரு திங்கட்கிழமையும்

போன வாரம் எதிர்பார்த்தது, நடந்தது, வித்தியாசம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்த வாரத்தை எடுத்துவிட்டு முடிவில் புது வாரம் சேருங்கள். அரை மணி நேர வேலை. விற்பனைப் பொறுப்பாளர் கட்டாயம் உட்கார வேண்டும், ஏனென்றால் பணம் ஏன் வரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். வித்தியாசம் ஒரே வாடிக்கையாளரிடம் திரும்பத் திரும்ப வந்தால் அவருக்கு அடுத்த சரக்கை அனுப்பும் முன் ஒரு முறை யோசிக்க வேண்டிய நேரம் அது.

ஊழியர்களிடம் தாளை முழுக்கக் காட்ட வேண்டியதில்லை. "இந்தத் தேதி வரை சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது, அடுத்து இந்தத் தேதியில் மறுபடி சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். சொன்ன தேதியில் கட்டாயம் வந்து நில்லுங்கள், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் சிலர் கேட்ட இரண்டு சந்தேகங்களை இங்கே சேர்க்கிறேன்.

முதலாவது, முன்பணம். ஆர்டரோடு பாதித் தொகை வந்ததும் இருப்பு ஏறித் தாள் முழுக்கப் பச்சையாகிவிட்டது, சரக்கு வாங்கும் வாரத்தில் திடீரென்று சிவந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பணத்தை வரவில் எழுதும்போதே அந்த ஆர்டருக்கான மூலப்பொருள், கூலி, போக்குவரத்து மூன்றையும் செலவுப் பக்கத்தில் அவற்றின் வாரங்களில் எழுதிவிடுங்கள். மூன்றும் எழுதப்படும் வரை முன்பணத்தைத் தாளில் ஏற்றுவதில்லை என்று எங்கள் அலுவலகத்தில் விதியே வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, பகுதித் தொகை. ஒரு பில்லுக்குப் பாதி மட்டும் வந்தால் ஃபார்முலா குழம்புகிறது. அந்த பில் வரிசையை இரண்டாக உடையுங்கள்: வந்த தொகை ஒரு வரிசை, பாக்கி இன்னொரு வரிசை, பில் எண்ணுக்குப் பின்னால் "அ", "ஆ" என்று போட்டு. பாக்கிக்குப் புது வாரத்தை நீங்களாகப் போடாதீர்கள், அவர்களிடம் போனில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.